பதினோரு புளி

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு வெள்ளாட்டின் வாயிலிருந்து பிடுங்கிய முப்பத்தேழாம் பக்கமும், அதன் பிறகு விலை பேசி வாங்கிய மிச்சப் புத்தகமும். ஓசூரில் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறி, எடைக்கல்லும் வைத்தாகிவிட்ட பிறகு இறக்கிய கடற்கொள்ளைக் கதை ஒன்று. ராயக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் விசிறிக்கொண்டு வந்த வேட்டைக் கதை ஒன்று, அதற்கு ஈடாக அவருக்கு ஒரு நிஜ விசிறி. தளியில் ஒரு தையல் மெஷினின் காலடியிலிருந்து 'ஏழாவது பாய்மரம்'. சூளகிரி சரிதா இருபத்தொன்பது வயதுக்குள் வென்றெடுத்தவை இவை. எல்லாம் அந்தக் காலத்துச் சாகச நாவல்கள், எல்லாம் முதல் பதிப்பு. ஆடு கொடுத்ததில் மட்டும் இடது மூலை இல்லை.

இந்தப் பட்டியலை வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவர் அவளுடைய அண்ணன் ராஜப்பன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சூளகிரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்த போல்ட் எந்த ரேக்கில் எத்தனையாவது டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். டப்பா ஒவ்வொன்றிலும் அவர் கையால் எழுதிய சீட்டு இருக்கும். அதில் ஒரு புள்ளிகூட இடம் மாறியிருக்காது.

"பழைய புஸ்தகத்த வாங்கி என்னா பண்ணுது உங்க தங்கச்சி?" என்று யாராவது கேட்டால் ராஜப்பன் பொறுமையாக விளக்குவார்.

"கம்பெனியில ஃபர்ஸ்ட் பீஸ் பாக்கறோம் இல்லீங்களா? காலையில மெஷின்ல இருந்து வர்ற மொத பீஸு சரியா இருந்தாத்தான் மத்தது ஓடும். புஸ்தகத்துக்கும் அப்பிடித்தான். அவ அந்த மொத பீஸத் தேடுறா."

சரிதாவுக்கு ஓசூர் கம்பெனி ஒன்றில் அதுதான் வேலை. முதல் பீஸை அளந்து, கட்டை விரலால் விளிம்பு முழுக்கத் தடவி, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு அவள் விரலுக்குத் தெரியும். சரி என்றால் பதினேழு என்ற எண் முத்திரையைக் குத்துவாள். கையெழுத்துப் போடுவது ஆபீசர்.

கையெழுத்து என்ற விஷயத்தில் அவளுக்கு இன்னோர் இடத்திலும் ஏக்கம் உண்டு. கிருஷ்ணகிரியில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு கூடுகிற முதற்பதிப்பு வட்டம். ஒரு லாட்ஜ் மாடியில் பதினான்கு பேர். ஒரு புத்தகத்தை முதல் பதிப்பு என்று அவர்கள் முன்னால் நிரூபித்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நாற்காலியில் உட்காரலாம். அதுவரைக்கும் பின்னால் பெஞ்சு. சரிதா இரண்டு வருஷமாகப் பெஞ்சு. ஒருமுறை கொண்டுபோன கடற்கொள்ளைக் கதைக்கு முதல் தாளே இல்லை என்று தள்ளினார்கள். இன்னொருமுறை ஆட்டுப் புத்தகத்தைத் தள்ளினார்கள். தள்ளியவர் வட்டத்தின் செயலாளர் பரமசிவம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர்.

"மூணு மட்டம் ரிஜெக்ட் ஆனா ஸ்கிராப்புதான், பாத்துக்கிடுங்க. நாலாவது மட்டம் கெடையாது," என்று அவர் விதியும் சொல்லிவிட்டார்.

மூன்றாவது முறைக்காக வந்ததுதான் 'ஏழாவது பாய்மரம்'. தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் சென்னம்மாளின் தையல் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. இருபது வருஷமாக அந்தக் காலைத் தாங்கிக்கொண்டிருந்தது இந்தப் புத்தகம். ராஜப்பனும் உடன் போயிருந்தார்.

"பேடம்மா, பேடா! அத எடுத்தா மெஷின் குதிக்கும்," என்று கன்னடம் கலந்து வேண்டாமென்றாள் சென்னம்மாள்.

"அதுக்குப் பதிலா கட்டை கொண்டாந்து வெக்கிறேங்க்கா."

"கட்டை இருவது வருசம் தாங்குமா? இது தாங்கிச்சே! படிச்சவங்க எழுதுன புஸ்தகம்மா, கெட்டியா இருக்குது."

இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார்கள். மூன்றாம் தடவை சரிதா வெர்னியர் கொண்டுபோய் மெஷின் காலடியில் குனிந்து அளந்தாள். இருபத்தேழு புள்ளி நான்கு மில்லிமீட்டர். அந்த அளவுக்குத் தேக்குக் கட்டை இழைத்துக் கொண்டுபோனது நான்காம் தடவை. சென்னம்மாள் ஒரு ஜாக்கெட் கை முழுக்கத் தைத்துப் பார்த்தாள். மெஷின் அசையவில்லை.

"சரி, தகொண்டோகு," என்று எடுத்துப் போகச் சொன்னாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து, "கதையில என்னா வருது?" என்று கேட்டாள்.

"கப்பல் வருதுக்கா. புலி வருது."

"அதான் இருவது வருசமா மெஷின் அந்தச் சத்தம் போடுச்சு."

பஸ்ஸில் வரும்போது சரிதா பாதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒரேயடியாகச் சிரித்தாள். "இதுல ஒரு விசேசம் இருக்குதுண்ணா. ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்றேன், அப்பக் கேளு," என்றாள். சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை சரிதாவுக்கு முதல் ஷிப்ட். ராஜப்பனுக்கு விடுப்பு. நாளைக்கு நாலு பேர் முன்னால் போகிற புத்தகமாயிற்றே என்று மெல்லிய துணியால் துடைத்தார். துடைத்தவர் படிக்கவும் செய்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார்.

'அடர்ந்த கானகத்தில் புளி உறுமியது.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புளிதான். அடுத்த பக்கத்தில், 'பாய்ந்து வந்த புளியைக் கப்பல் தலைவன் ஒரே வெட்டாக வெட்டினான்'. அதற்கடுத்த பக்கத்தில், 'செத்த புளியை நான்கு வீரர்கள் மூங்கிலில் கட்டித் தூக்கினர்'.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ராஜப்பன் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றது ல, ள, ழ மூன்றும்தான். தமிழாசிரியர் முட்டிபோட வைத்துக் கற்றுக்கொடுத்தது. ஹைவே ஓட்டல் ஒன்றில் 'புலியோதரை' என்று போர்டு வைத்திருந்தபோது, பெயிண்டர் வந்து மாற்றி எழுதும்வரை சாப்பிடாமல் வாசலில் நின்றவர் அவர். தங்கச்சி தலைநிமிர்ந்து காட்டப்போகிற புத்தகம் இத்தனை தப்போடு போகலாமா?

புது பிளேடு எடுத்தார். தாள் கிழியாமல் ஒவ்வொரு ள-வையும் மயிரிழையாகச் சுரண்டினார். கறுப்பு ஜெல் பேனாவால், அச்சு எழுத்தின் பருமனுக்கே, ல எழுதினார். மொத்தம் பதினோரு இடம். பசியெடுத்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், ஸ்டோர் பழக்கப்படி ஒரு சீட்டு எழுதிப் பின்னட்டைக்குள் வைத்தார். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம். கீழே தேதி, திருத்தியவர் பெயர்.

மூன்றரை மணிக்குச் சரிதா வந்தாள்.

"பாப்பா, உன் புஸ்தகத்துல பதினோரு எடத்துல புலி புளியா இருந்துச்சு. ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, வித்தியாசமே தெரியல பாரு."

சரிதாவின் டிபன் பாக்ஸ் தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"அண்ணா! அந்தப் புளிதாண்ணா புஸ்தகமே!"

அவள் விளக்கியதை ராஜப்பன் நின்றபடியே கேட்டார். இந்தப் புத்தகத்தில் பதிப்பகத்தார் வருஷமே போடவில்லை. முதல் பதிப்பில் அச்சுக்கோத்தவர் புலியை எல்லாம் புளியாக்கிவிட்டார். இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டார்கள். இரண்டுக்கும் இருக்கிற ஒரே வித்தியாசம் அந்தப் பதினோரு ள.

"எழுவது வருசம் தாங்குச்சு, மெஷினத் தாங்குச்சு. நீ ஒரே மத்தியானத்துல ரெண்டாம் பதிப்பு போட்டுட்டியேண்ணா!"

ராஜப்பன் ஜெல் பேனாவைக் கையில் எடுத்தார். "திரும்ப ள போட்டுரட்டுமா பாப்பா? அதே மாதிரி போட்டுருவேன்," என்றார்.

"பேனாவ மொதல்ல கீழ வை!"

மறுநாள் பஸ்ஸில் சரிதா ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அவள் கட்டை விரல் மட்டும் தாளின் மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து ராஜப்பன் இரண்டு முறை தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டு முறையும் அவள் கவனிக்கவில்லை.

லாட்ஜ் மாடியில் பரமசிவம் புத்தகத்தை வாங்கி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல புலின்னுல்லா இருக்கு. அதுவும் பேனாவுல. யாரு பாத்த வேல இது?"

"நாந்தாங்க. உள்ள சீட்டு இருக்குதுங்க," என்றார் ராஜப்பன்.

பரமசிவம் சீட்டைப் படித்தார். பதினான்கு பேரும் கை மாற்றிப் படித்தார்கள். ஒருவர் எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீரு. ஆனா ரெண்டாம் பதிப்பச் சொரண்டிட்டு, முன்னால ள இருந்துச்சுன்னு யாரு வேணாலும் சீட்டு எழுதலாம்லா? இத நா ஒத்துக்கிட முடியாது," என்று பரமசிவம் புத்தகத்தை மூடப் போனார்.

மூன்றாவது ரிஜெக்ட். ராஜப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், ஒரு நிமிசம். நீங்க லேத்துல இருந்தவருதானே? பிசிறு எப்பிடிப் பாப்பீங்க?" என்றாள் சரிதா.

"என்ன கேள்வி இது? பெருவெரலாலதான்."

"அப்ப கண்ணை மூடிக்குங்க. தாளத் திருப்பிக்குங்க. பின்பக்கம் தடவிப் பாருங்க."

பரமசிவம் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, தாளின் பின்பக்கத்தில் கட்டை விரலை வைத்தார். ஈய எழுத்தை அழுத்தி அடித்த காலத்துப் புத்தகம். முன்பக்கத்து மையைப் பிளேடால் சுரண்டலாம். தாளுக்குள் இறங்கின அழுத்தத்தைச் சுரண்ட முடியாது. விரல் மெதுவாக நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றது.

"ல முடிஞ்ச பெறகு... இன்னொரு காலு எறங்குதே!"

சரிதா செல்போன் விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய ஒரு ள, புடைத்துக்கொண்டு நின்றது. சீட்டிலுள்ள வரிசைப்படி மீதிப் பத்து இடங்களையும் தடவினார்கள். பக்கமும் வரியும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் சாயங்காலம் ஆகியிருக்கும் என்று பரமசிவமே ஒப்புக்கொண்டார்.

"அண்ணாச்சி, புளியக் கரைச்சுப்புட்டீரு. ஆனா சட்டியில ஒட்டுனது போவல!"

மாடியே சிரித்தது. ராஜப்பன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள். புத்தகத்தின் நிலை என்ற கட்டத்தில், 'பதினோரு இடங்களில் அண்ணனால் திருத்தப்பட்டது' என்று பரமசிவம் எழுதினார். 'திருத்தப்பட்டது' என்பதில் அவர் 'ப்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டதை ராஜப்பன் பார்த்தார். கை பாக்கெட்டுக்குப் போனது. அதற்குள் சரிதா அந்த ஜெல் பேனாவை உருவிக்கொண்டாள்.

"குடுண்ணா. இது ஒரு நல்ல காரியமாவது பண்ணட்டும்."

முத்திரை இல்லை, எண் இல்லை. தமிழில், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். ராஜப்பன் அவள் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். பிழை எதுவும் இல்லை.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.