திரேசம்மா காத்த இடைவெளி

மீன்காரர் எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தி, பெட்டியைத் திறக்க முன்னமே சாவுச் செய்தியைச் சொன்னார். "பிலோமினாக்கா, உங்கட திரேசம்மா விடியவே மோசம் போயிட்டாவாம்."

என் வாய் முந்திக்கொண்டது. "அவ என்ட திரேசம்மா இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்தார். சூடை மீன் வாங்கினேன். அது குசினியில் வைத்தபடியே கிடந்து பழுதாகிப்போனது.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர் திரேசம்மாவின் மகள் றெஜினா. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். "மற்ற ஆக்கள் அம்மாவைப் பற்றி நல்லதாத்தான் எழுதுவினம், மாமி. நீங்கள் உள்ளதை எழுதுங்கோ" என்றார். ஆகையால் உள்ளதை எழுதுகிறேன்.

பாலையூற்றில் என் வீட்டுக்கும் திரேசம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு வளவுதான். நானும் அவரும் ஒரே நாளில் வெள்ளைச் சட்டை போட்டு கோயிலில் முதல் நன்மை, அதுதான் நற்கருணை, வாங்கினோம். அன்று காற்றில் என் மெழுகுதிரி அணைந்தபோது, தன்னுடைய திரியால் கொளுத்தித் தந்தவர் திரேசம்மா. "பிடிக்கத் தெரியாட்டி என்னட்டத் தா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவரும் அவர்தான். கொளுத்தித் தந்ததை மறந்தாலும் மறப்பேன், அந்தச் சொல்லை மறக்க மாட்டேன்.

பிறகு என் மகளுக்குக் கலியாணம் பேசி, கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று ஞாயிறு தோறும் சுவாமியார் வாசிப்பார். திரேசம்மா போய் அறிவித்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. கலியாணம் நின்றது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அது உண்மை. என்னிடம் சொல்லாமல் கோயிலில் போய்ச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

"உன்னட்டச் சொன்னா நீ நம்பியிருப்பியோ?" என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

கொரோனாவில் பூட்டிக் கிடந்த கோயில் திறந்தபோது, சுவாமியார் வாசலைத் திரேசம்மாவிடம் ஒப்படைத்தார். துறைமுகக் காற்றில் சேலை பறக்க, சவர்க்கார வாளியோடும் காய்ச்சல் பார்க்கும் கருவியோடும் நிற்பார். வாங்குப் பலகைகளில் சிவப்பு ரேப் நாடா ஒட்டி யார் எங்கே இருப்பது என்று வைத்தவரும் அவரே. தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் வெறும் தொட்டிக்குள் விரலை விட்டுச் சிலுவை போடுவோம். "அதுக்குள்ள தீர்த்தம் இல்லை, பல்லிதான் கிடக்கு" என்று சத்தம் வரும். மாஸ்க்கை நாடியில் தொங்கவிட்டு வந்த சவரிமுத்துவிடம், "மூக்கை மூடு தம்பி, ஆண்டவர் உன்ர முகத்தை மறக்கமாட்டார்" என்றார். சிரிப்பு வந்தாலும் நான் சிரிக்கவில்லை.

பூசையில் நன்மைக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும். எங்கள் கோயிலில் பெண்கள் அடுத்தவரின் கையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துத்தான் சொல்வார்கள். ஓலை நின்ற காலம் தொட்டு அந்த நேரத்தில் நான் குனிந்து மூக்குத் துடைக்க லேஞ்சி தேடுவேன். இப்போது கை தொடக்கூடாது, எட்ட நின்று கும்பிட்டால் போதும் என்று சட்டம் வந்தது. மற்றவர்கள் அதற்காக அழுதார்கள். எனக்கு அது இனித்தது. திரேசம்மா என்னைப் பார்த்துக் கும்பிடுவார். நான் பீடத்தைப் பார்த்துக் கும்பிடுவேன்.

நோய் தணிந்து ரேப் நாடாவை உரித்தார்கள். அந்த ஞாயிறே திரேசம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"இனித் தொடலாமாம், பிலோமினா."

நான் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டேன். "எனக்கு நெஞ்சு வருத்தம். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நீட்டிய கைகளை அவர் கூப்பினார். பிறகு திரும்பி, "பிலோமினாக்கு நெஞ்சு ஏலாது. ஆரும் நெருக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார்.

அன்று தொட்டு என் இரு பக்கமும் வெறுமையாகவே இருந்தது. பெருநாள் சனத்திலும் தன் கைப்பையை வைத்து அந்த இடத்தைக் காத்தார். ஊரெல்லாம் மாஸ்க்கை எறிந்த பிறகும் எனக்கென்று ஒரு மாஸ்க் பெட்டி கோயில் அலுமாரியில் இருந்தது. இது எனக்கு உரிய மரியாதை என்று நினைத்து நிமிர்ந்திருந்தேன்.

செத்தவீட்டில் றெஜினா என் பக்கத்தில் வந்து இருந்தார். "அம்மாக்குத் தெரியும், மாமி. நெஞ்சு வருத்தக்காரி சந்தையில மீன் விலைக்குக் கத்தினது அங்கால ஓர்ஸ் ஹில் மேட்டுக்கும் கேட்டிருக்கும் எண்டு சிரிப்பா."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் வெக்கத்தில கோயிலுக்கு வரமாட்டியளாம். அவள் வாறதுதான் முக்கியம், இருக்கட்டும் எண்டவ."

என் மகளுக்காக உண்மையைச் சொன்ன அதே வாய்தான் எனக்காக என் பொய்யைக் காத்தது.

அடக்கப் பூசைக்கு மாஸ்க் இல்லாமல் போனேன். பீடத்தின் முன்னால் சவப்பெட்டி இருந்தது. சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து, வாங்கின் மற்ற ஓரத் தொங்கலில் நின்ற சவரிமுத்துவின் மனைவியிடம் இரு கைகளையும் நீட்டினேன். அவர் ஓரடி பின்னுக்குப் போனார்.

"வேண்டாமக்கா, உங்களுக்கு நெஞ்சு ஏலாது. திரேசம்மாக்கா அறிஞ்சா என்னைப் பேசுவா."

எட்ட நின்று கும்பிட்டார். பின் வாங்கில் நின்றவர்களும் அப்படியே கும்பிட்டார்கள். என் கைகள் நீட்டியபடி நின்றன.

இனி 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. திரேசம்மா, நீ நீட்டிய கையும் அன்றைக்கு இப்படித்தானே நின்றிருக்கும். ஞாயிறு பூசைக்கு முன் எழும்பி நின்று, என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் சொல்லப்போகிறேன். உன் கைப்பை இருந்த இடத்தில் யாராவது வந்து இருக்கட்டும். போய் வா, பிள்ளை. சமாதானம்.