மூச்சுப் புள்ளிகள்

"இன்னொருக்கா சொல்லு" என்று யார் வாயையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார் சிஸ்டர் வெரேனா. மீன் விற்பவளானாலும் சரி, சண்டை போடுபவளானாலும் சரி. கையில் தாள் இல்லாவிட்டால் முழங்கையில் எழுதிக்கொள்வார். "சிஸ்டர் முன்னாடி கொட்டாவி விட்டாக்கூட எழுதிப்புடுவாங்க" என்பார்கள் எங்கள் பெண்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து, எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக எங்கள் ஆற்றங்கரையில் இருக்கிறார். வயது அறுபத்தொன்று. பழைய பேட்டரிகளை உடைத்து, அந்தக் கரியைப் பலகையில் பூசிக் கரும்பலகை செய்வார். அதனால் நகக்கண்கள் எப்போதும் கறுப்பு. பகலெல்லாம் சோளம் இடித்துக் களைத்த பெண்கள்தான் மாணவிகள். ஒருத்தி தூங்கிவிட்டால் எழுப்பமாட்டார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாடம் நடத்துவார்.

எங்கள் மொழிக்கு அதுவரை புத்தகம் கிடையாது. போன வருடம் அவர் எழுதிய முதல் பாடநூல், அறுநூறு பிரதி, தலைநகரிலிருந்து படகில் வந்து இறங்கியது. மீன்காரி அயேன் எழுந்து, எழுத்து எழுத்தாக முதல் வரியை வாசித்தாள்.

"என் அண்ணன் மாட்டைக் கல்யாணம் பண்ணினான்."

"மேய்த்தான்" என்றல்லவா இருக்க வேண்டும்! எங்கள் மொழியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொல். பெண்ணின் அப்பனுக்கு மாடு கொடுத்துக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். "அப்ப மாட்டோட அப்பனுக்கு எத்தன மாடு குடுத்தானாம்?" என்று ஒருத்தி கத்த, வகுப்பே உருண்டு சிரித்தது.

அயேன் சிரிக்கவில்லை. "எழுத்து தப்பு சிஸ்டர். 'மேய்த்தான்'னு சொல்றப்ப மூச்சு சேந்து வரும். இதுல மூச்சே இல்ல."

சிஸ்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புத்தகம் முழுக்க அதே பிழை.

"விடுங்க, பழகிடுவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பங்குச் சாமியார் லீனோ.

"தெரியாதவங்களுக்குத்தானே ஃபாதர் புத்தகம்?"

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். "இத்தன வருஷமா உங்க பேச்ச நான் சரியாக் கேக்கல. மன்னிச்சுடுங்க."

மூன்று மாதம், மீன் விற்று முடித்த கையோடு அயேன் வந்துவிடுவாள். சிஸ்டர் ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். "மூச்சு" என்பாள், அல்லது "வேண்டாம்" என்பாள். மூச்சு என்றால் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி. அறுநூறு பிரதியிலும் பேனாவால் வைத்தார்கள்.

போன வாரம் மறுகரையிலிருந்து புதிதாக ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். "தலையில ரெண்டு புள்ளி எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, அயேனின் வாய்க்கு முன்னால் விரித்து வைத்தார்.