நாய்க்கு அடைத்துக் கொடுத்த நாற்பது நிமிடம்

எங்கள் நாய்க்கு அப்போது ஏழு மாதம். தேவாரம் என்கிற ஊரில் என் வீட்டுக்காரரின் கூட்டாளி தோட்டத்தில் பிறந்த குட்டி. தாய் சிப்பிப்பாறை வேட்டைநாய், தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியாது. வந்த நாளிலிருந்து ஓட்டம்தான். நானோ வீட்டில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்காகப் போனில் பதில் சொல்லும் வேலை பார்க்கிறவள். ஹெட்செட்டை மாட்டி, "சொல்லுங்க சார், என்ன கம்ப்ளெயின்ட்?" என்று ஆரம்பித்தால் போதும், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நாலு சுற்று ஓடிவிட்டு வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். இழுத்துக்கொண்டே குரைக்கும். "மொதல்ல உங்க நாயைக் கவனிங்க மேடம், பெறகு என்னையக் கவனிக்கலாம்" என்று ஒருத்தர் போனை வைத்தே விட்டார். சூப்பர்வைசர் இரண்டு தடவை எச்சரித்தாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வேகிற வரை அடுப்புப் பக்கத்தில் நிற்கக்கூட என்னால் ஆகாது. என் குணத்துக்கு இப்படி ஒரு நாய் வந்து வாய்த்தது.

சென்னையில் இருக்கும் என் தம்பி ஒரு ரப்பர் பொம்மை அனுப்பினான். கைக்கு அடங்குகிற அளவு, உள்ளே குடைவு, ஒரு பக்கம் சின்ன வாய். "இதுக்குள்ள சோத்த அடைச்சு ஃப்ரீசர்ல வச்சுக் குடுக்கா. நக்கி நக்கித் திங்கும், உன்னைய விட்டுரும்" என்றான். முதல் நாள் தயிர்சோறு அடைத்தேன். ஐந்தே நிமிடம். பொம்மையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, அடுத்தது எங்கே என்று பார்த்தது. மறுநாள் அவித்த முட்டை, கேரட், நடுவில் சோறு, உறைய வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துப் பொம்மையின் வாயைப் பூசி அடைத்தேன். இருபத்தைந்து. அதற்குமேல் நகரவில்லை. நீயா நானா பார்த்துவிடலாம் என்று எனக்கும் வெறி பிடித்துவிட்டது. மணியைப் பார்ப்பதும் அடைப்பதுமாகத் திரிந்தேன்.

அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்டு. நல்ல கொத்துகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்பியது போக, உதிர்ந்த பழத்தை என் வீட்டுக்காரர் வாளியில் கொண்டுவருவார். ஆடு தின்னும், கோழி கொத்தும், பக்கத்து வீட்டு மாடு வாளியையே கவிழ்க்கும். எங்கள் பக்கத்தில் திராட்சையைக் கண்டு யார் பயந்தார்கள்? சோற்றுக்கு நடுவே ஒரு கை பழத்தைத் திணித்தேன். வாயையும் பழத்தாலேயே இறுக்கி அடைத்து உறைய வைத்தேன். காலையில் கொடுத்தேன். நாற்பது நிமிடம்! ஒரு குரைப்பு இல்லை. மத்தியானமும் அதே போல் அடைத்துக் கொடுத்தேன்.

நாலு மணிக்குப் பார்த்தால் மேசைக்கு அடியில் படுத்திருந்தது. அப்பாடா, இன்றைக்குத்தான் ஒழுங்காகப் படுத்திருக்கிறது என்று நிம்மதிப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிம்மதிதான் பட்டேன். பிறகு வாந்தி எடுத்தது. வாந்தியில் திராட்சைத் தோல் கிடந்தது. மறுபடி எடுத்தது. கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை.

உத்தமபாளையத்தில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்னம்மா குடுத்தீக?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"திராட்சையா? எம்புட்டு?"

"ரெண்டு கை இருக்கும் சார்."

"ஏம்மா, நாய்க்குத் திராட்சை ஆகாதும்மா. கிட்னியப் பிடிச்சிரும். சிலது தாங்கும், சிலது தாங்காது. ட்ரிப் ஏத்துறேன். மூத்திரம் நல்லாப் போச்சுன்னா பொழைச்சுக்கிரும். போகலைன்னா என் கையில ஒண்ணுமில்ல."

என் வீட்டுக்காரர் சுவரோடு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் பேசாம நிக்கிறீக? நாலு ஏச்சு ஏசுங்க என்னைய!" என்று கத்தினேன்.

"ஏசுனா அதுக்கு மூத்திரம் வந்துருமாடி?" என்றார்.

அன்று ட்ரிப் ஏற்றியும் மூத்திரம் போகவில்லை. மறுநாள் காலையில் அங்கேயே தரையில் சாக்கை விரித்து, நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத நான் அசையாமல் உட்கார்ந்தேன். மனசு மட்டும் உட்காரவில்லை. ட்ரிப் பாட்டிலைப் பார்ப்பேன், சாக்கைத் தடவிப் பார்ப்பேன், காய்ந்துதான் கிடக்கும். அதன் பசிக்காகவா நான் அடைத்தேன்? என் "சொல்லுங்க சார்" தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்று அடைத்தேன். அதை அதன் காதிலேயே சொன்னேன். காது மட்டும் லேசாக ஆடியது.

பதினொரு மணி இருக்கும். தொடையில் கதகதவென்று ஈரம் பட்டது. ட்ரிப் குழாய்தான் கழன்றுவிட்டது என்று பதறிக் கையை வைத்தேன். குழாய் கழலவில்லை. கையை முகர்ந்து பார்த்தேன்.

"டாக்டரே! பேஞ்சிருச்சு! மடியிலயே பேஞ்சிருச்சு!"

வெளியே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். சேலை நனைந்து சாக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"எந்திரிடி, போயி சேலைய அலசு. நான் பிடிச்சுக்கிறேன்" என்று குனிந்தார்.

"இருங்க, தொடாதீக" என்றேன். "இன்னும் பேயுது."