டெல்மர் கேட்காத ஒருத்தி

அயோவாவில் எங்கள் ஊரில் யார் எந்த வேட்பாளர் பக்கம் என்று டெல்மர் கிளாசனைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பன்றிப் பண்ணையை மருமகனிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு அதுதான் வேலை. அதிபர் வேட்பாளரைக் கட்சி தேர்ந்தெடுக்கும்போது நாட்டிலேயே முதல் கூட்டம் எங்கள் மாநிலத்தில்தான். அந்தப் பெருமை எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை செனட்டர் வெல்டனுக்காக டெல்மர் பல மாதம் தொலைபேசியும் கையுமாக அலைந்தார். பாதிரியாரைக்கூட விடவில்லை. செனட்டரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, டெல்மரின் மனைவி ஆர்லிஸ் பொரித்துக் கொடுத்த பன்றிக்கறி சாண்ட்விச்சைச் சாப்பிட்டார்.

"எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு உறுதி, சார்," என்று டெல்மர் அவருக்குக் கைகொடுத்தார். ஆர்லிஸ் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கூட்டத்தில் ரகசிய வாக்கெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில், அவரவர் ஆதரிக்கும் ஆளின் மூலையில் போய் நிற்க வேண்டும். போதுமான தலை சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். அன்று வெல்டன் மூலையில் ஒரு தலை குறைந்தது. மனைவி குளிர்கோட்டைக் கழற்றி மாட்டப் போயிருக்கிறாள் என்றே டெல்மர் நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால், வெல்டனோடு போட்டியிட்ட பெண் ஆளுநரின் மூலையில், கைப்பையைப் பிடித்தபடி ஆர்லிஸ் நின்றிருந்தார்.

"போய்க் கூட்டிட்டு வாப்பா. உன் பொண்டாட்டிதானே," என்றார் பக்கத்து நிலத்துக் கேலன்.

ஊரே பார்க்க டெல்மர் அரங்கைக் கடந்து போனார்.

"ஆர்லிஸ், அந்தப் பக்கம் வா. ஒரு ஆள்தான் குறையுது."

"ஊரையே கேட்டியே டெல்மர். என்னைக் கேட்டியா?"

"இப்போ கேக்குறேனே."

"இப்போ ஆள் குறையுது. அதனால கேக்குற."

வெல்டன் மூலை கலைந்தது. டெல்மர் எந்த மூலைக்கும் போகவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வெல்டன் நான்காவது இடம் என்றது வானொலி. போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்றும் சொன்னது. தானியக் கிடங்கில் காபி குடிக்கச் சேர்ந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"மாநிலத்துல தோத்தது கிடக்கட்டும்," என்றார் கேலன். "சொந்த அடுப்படியிலயே ஜெயிக்க முடியலையே உன்னால."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்து வைத்தார். உள்ளே மானம் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், வெல்டன் தோற்றது அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளாக ஒரே வீட்டில் இருந்தும், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் வலித்தது. இன்றாவது கேட்டுவிட வேண்டும், அவள் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் ஆர்லிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். டெல்மர் எதிரில் உட்கார்ந்தார்.

"கோவமா கேக்கல. ஏன் அந்தம்மா பக்கம் நின்ன?"

ஆர்லிஸ் கத்தியைக் கீழே வைத்தார். நம்பலாமா என்பதுபோல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மூடிட்டாங்களே. நம்ம பொண்ணு ஜோலின், தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போற பாதி வழியில, கார்ல வலி தாங்காம கத்தினப்போ பின்சீட்டுல நான் மட்டுந்தான் இருந்தேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அன்னைக்கு நான் என்ன நெனச்சேன்னா..."

"வெல்டனும் அதுக்குத் திட்டம் வச்சிருந்தாரே," என்றார் டெல்மர். "நான் கொண்டுவந்த காகிதத்துலயே இருக்கு. நீ அதைப் படிச்சிருந்தா..."

வாயை மூடுவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

"சொல்லு ஆர்லிஸ். இனி குறுக்க பேசல. அன்னைக்கு என்ன நெனச்ச?"

ஆர்லிஸ் அடுத்த கிழங்கை எடுத்தார்.

"ஒண்ணும் இல்ல, டெல்மர்," என்றார். "அவ்வளவுதான்."