தொட்டி மூடிமேல் இருந்த பட்டைகள்

எங்கள் வேனைக் காப்பகத்துக்கு இனாமாகக் கொடுத்த அன்று காலை, கணவர் தாமே அதைக் கழுவினார். முதுகுவலி வந்த பிறகு ஓட்டுவதையே விட்டிருந்தார். குனிவதற்குக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆயினும் தரைத்தகட்டின் இடுக்குகளில் சிக்கியிருந்த வைக்கோலைத் துரும்பு துரும்பாகப் பொறுக்கி எடுத்தார். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளையும் அகல்விளக்குகளையும் வைக்கோலில் புதைத்துத்தான் அவர் ஊர் ஊராகக் கொண்டுபோனார். சரக்குக்கு இடம் வேண்டும் என்று எப்போதோ கழற்றி மாடியில் போட்ட இருக்கைகளை இறக்கி, துடைத்து, மறுபடி பொருத்தியிருந்தார். கொடுக்கும் பொருளில் குறை இருக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் ஆதரவற்ற முதியவர்களுக்காக நடக்கும் காப்பகம் அது. அதை நடத்தும் அம்மையார் ஓட்டுநருடன் வந்திருந்தார். பெயர் மாற்றமெல்லாம் முன்பே முடிந்திருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்:

"வந்தது வந்தோம், மில்லுல அரிசி மூட்டையயும் ஏத்திக்கிறோம். எங்க ஆயாங்க கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. அவங்களயும் இட்டுக்கிட்டுப் போயிடுறோம். இனிமே பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்க வேணாம் பாருங்க."

கணவர் சிரித்தார். ஓட்டுநரிடம், "மெதுவா போப்பா" என்று மட்டும் சொன்னார்.

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அவர் வாசலிலேயே நின்றார். சிறிது நேரம் தனியாக இருக்கட்டும் என்று நான் வீட்டு வேலையில் இறங்கினேன். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்புறம் போனேன். தொட்டியின் தகர மூடியைக் குரங்குகள் தூக்கிவிடாமல் இருக்க, வளைந்த இரும்புப் பட்டைகளை அதன்மேல் பாரமாக வைத்திருந்தோம். நாள்தோறும் என் கை தூக்கி வைத்த இரும்புதான். அன்று தூக்கியவள் கீழே வைக்க மறந்து நின்றேன்.

அவை வேனின் பட்டைகள். பின்சக்கரங்களுக்கு மேலே அடுக்காக இருந்து பாரத்தைத் தாங்குபவை. எங்கள் ஊரில் பீங்கானுக்கென்று வண்டி எடுத்ததும் நேராகப் பட்டறைக்குப் போய், அந்த அடுக்கில் சிலவற்றைக் கழற்றிவிடுவார்கள். அடுக்கு குறைந்தால் வண்டி மெத்தென்று ஓடும். பள்ளத்தில் இறங்கினாலும் பொம்மையின் மூக்கு உடையாது. வைக்கோலோடு ஏற்றும் பீங்கான் இடத்தை அடைக்குமே தவிர வண்டியை அழுத்தாது. எல்லாரும் செய்வதால் அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த வண்டியில்தான் அரிசி மூட்டைகள் ஏறப் போகின்றன. கூடவே கண் மங்கிய கிழவிகளும்.

"ஏங்க, பட்டைய மாட்டவே இல்லியே!"

வாசலுக்கு ஓடிவந்த என் கையிலிருந்த இரும்பைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது.

"மூட்டைக்குத் தாங்காதும்மா. ஒரு பக்கம் ஒடஞ்சாலும் வண்டி அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடும். ஆத்துப் பாலத்து மேல ஒடஞ்சா…"

அம்மையாரின் கைபேசி அணைந்திருந்தது. ஓட்டுநரின் எண்ணை நாங்கள் வாங்கி வைக்கவில்லை. நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளினேன்.

"நீங்க வேணாங்க. குலுங்கும்."

"நா வராம நீ போயி என்னத்தச் சொல்லுவ? எடு வண்டிய."

மருத்துவமனை வாசலில் இருந்த காவலாளி, "அந்த ஆயாங்களா? இப்பத்தான் சிரிச்சிக்கிட்டே ஏறிப் போனாங்க. பின்னாடி பூரா மூட்ட" என்றார். கருவேப்பிலங்குறிச்சிச் சாலையில் திரும்பினேன். என் தோளைப் பற்றியிருந்த அவர் விரல்கள் ஒவ்வொரு மேட்டிலும் இறுகின. விரைந்தால் அவருக்கு வலித்தது. வேகத்தைக் குறைத்தால், "போ, போ" என்று முனகினார். எந்த வேகமும் சரியான வேகமாக இல்லை.

ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் வேன் தென்பட்டது. அதன் பின்புறம் தரையோடு குந்தியிருந்தது. ஒலியெழுப்பினேன். முந்திச் செல்லக் கேட்கிறேன் என்று நினைத்து ஓட்டுநர் ஒதுங்கினார். இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்க, வேன் ஒருக்களித்தது. "ஐயோ" என்று கணவர் என் தோளை நெரித்தார். வேன் நிமிர்ந்தது. நான் முன்னால் சென்று, ஒரு டீக்கடை எதிரே குறுக்காக நிறுத்தினேன்.

அம்மையார் இறங்கி வந்தார். "என்னாம்மா, குடுத்தத திருப்பிக் கேக்க வந்துட்டீங்களா?" கேலியாகத்தான் கேட்டார், ஆனால் சாவி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் பட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குனிய முடியாத அந்த மனிதர் சாலையில் மல்லாந்து படுத்து வேனுக்கடியில் தலையை நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பட்டைகளின் ஓரத்தை விரலால் தடவினார். நாங்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்தோம்.

"கீறல் வுடல. ஆனா படுத்துடுச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா தெறிச்சிருக்கும்."

ஓட்டுநர் தலையில் கை வைத்தார். "வண்டி மெத்துனு போவுதேன்னு நா சந்தோசமா வந்துக்கிட்டு இருந்தேண்ணே."

"ஆயா, எல்லாரும் எறங்குங்க" என்றார் அம்மையார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் இமையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, முன் இருக்கையின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நா எறங்க மாட்டேன். பஸ்ஸுல வந்து இடுப்பே போச்சு. இன்னிக்கித்தான் மெத்தையில குந்துனாப்புல வரேன். எறங்குறவங்க எறங்கிக்குங்க."

கணவர் தரையிலிருந்தபடியே சிரித்தார். "நீ குந்து ஆயா. உன் கனம் ஒண்ணும் பண்ணாது. மூட்டதான் எறங்கணும்."

டீக்கடையில் இருந்தவர்களும் கைகொடுத்தார்கள். மூட்டைகள் இறங்க இறங்க வேன் மெல்ல எழுந்து நின்றது. நாளைக்கே பட்டறையில் பட்டைகளை மாட்டித் தருவதாகக் கணவர் சொன்னார்.

"மாட்டுனா இந்த மெத்து இருக்குமா?" என்று அம்மையார் கேட்டார்.

"இருக்காது."

அம்மையார் உள்ளே இருந்த கிழவிகளைப் பார்த்தார். "அப்ப வேணாங்க. அரிசிக்கு வேற வண்டி பாத்துக்கிறோம். இது இவங்களுக்கே இருக்கட்டும்."

வேறு வண்டி வரும்வரை மூட்டைகளுக்கு நாங்கள் காவல் இருந்தோம். கணவர் ஒரு மூட்டைமேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கிழவிகளோடு கிளம்பிய வேன் பாலத்துக்கு முன்னாலிருந்த வேகத்தடையை நெருங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்தார். பீங்கான் ஏற்றிய நாட்களில் ஒவ்வொரு மேட்டிலும் அப்படித்தான் கேட்பார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

"ஓட்டுறவன் பழகிட்டான்" என்றார்.