கடமலைக்குண்டுக்கு அப்பால் ஓர் அகழி

கடமலைக்குண்டைத் தாண்டி மலையடிவாரத்தில் ஜீப் சூடாகி நிற்கிறது. டிரைவர் தண்ணீர் தேடிப் போக, நான் தோட்டங்களின் ஓரமாக நடக்கிறேன்.

அகழி என்றால் கோட்டையைச் சுற்றித் தண்ணீரோடு கிடப்பது என்றுதான் பள்ளியில் படித்தேன். இங்கே காட்டு யானை தோட்டத்துக்குள் வராமலிருக்க வெட்டிய காய்ந்த பள்ளத்துக்கு அந்தப் பெயர். ஓரிடத்தில் மட்டும் அதை மண் போட்டு மூடிப் பாதையாக்கியிருக்கிறார்கள். அந்த மண்ணை ஒரு பெண் தனியாக வெட்டி அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

“இதை யாரும்மா மூடினது?”

“ஊர்க்காரகளோட எங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதாண்ணே மூடுனாக. மாடு மேய அங்கிட்டுப் போகணும்ல. அந்த வழியாவே யானை இங்கன வந்துருச்சு. தோட்டத்துல காவலுக்குப் படுத்திருந்த எம் மனுசரை மிதிச்சுக் கொன்னு போட்டுருச்சு.”

மண்வெட்டி நிற்கவில்லை.

“நான் வெட்டிவிட்டா ஊர்க்காரக திரும்ப மூடிர்றாக. மறுபடி வந்து வெட்டுறேன்.”

சற்றுத் தள்ளி, புளியமர நிழலில் மாடுகளோடு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளைத் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் வீட்டுக்குப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இருவர் பக்கத்திலும் மண்வெட்டி கிடக்கிறது.