பலகையில் ஈரமில்லை

ஆம்பூரில் பூட்ஸ் தைக்கும் சற்குணம், வந்தவர் யாரானாலும் ஒரு நாள் காக்கவைப்பார். தைத்து முடித்த பூட்ஸுக்குள் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பலகைமேல் நிறுத்துவார். மறுநாள் பலகையைத் தடவிப் பார்த்து, ஈரம் தட்டினால் தையலையே பிரித்துவிடுவார். அமிர்திக் காட்டுக்குக் கௌதாரி சுடப் போகும் பார்லோ துரைக்கும் அதே சட்டம்தான். துரை மூன்று ஜோடியைப் போட்டு நடந்து பார்த்து, காலைக் கடிக்காத லேசான ஜோடியை எடுத்துப் போனார்.

ஐப்பசியில் அந்த ஜோடியோடு துரையின் பட்லர் ஆரோக்கியம் மட்டும் வந்தான்.

"தொரைய காட்டாத்து வெள்ளம் அடிச்சிக்கினு போய்ட்டுது. இது மட்டும் பாறை மேல நின்னுக்கினு இருந்துச்சி. உள்ள தண்ணி. கொட்டக் கொட்ட ரொம்பிடுது."

"நான் தச்ச பூட்ஸ்ல தண்ணி எறங்காதுய்யா" என்று எரிந்து விழுந்தார் சற்குணம். தண்ணீரைக் கொட்டி, உள்ளே துணியால் துடைத்து, பலகைமேல் வைத்து எதிரிலேயே உட்கார்ந்தார்.

கடையில் சேற்று வாடை எழுந்தது. கால் நுழைந்ததுபோல் தோல் மெல்லப் புடைத்தது. கலங்கல் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. பட்லர் தெருவுக்கு ஓடினான்.

சற்குணம் குனிந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"தையல்ல குத்தமில்ல, தொரை" என்றார் பூட்ஸைப் பார்த்து.